ஜாலான் கெரேஜா மாதா கோவில்: கோபுரத்தைப் பார்த்தது போதும், கிராண்டைப் பாருங்கள்!



ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் ஜாலான் கெரேஜா என்று ஒரு சாலை இருக்கிறது. கெரேஜா என்றால் தேவாலயம். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் 'இகிரேஜா' என்ற சொல்தான் மலாய் மொழியில் கெரேஜா ஆகிவிட்டது. அந்தச் சாலையில் அமல உற்பவ அன்னை ஆலயம் நிற்கிறது. கட்டப்பட்ட ஆண்டு 1883. நம் மக்கள் வாயில் அது வெறும் மாதா கோவில்.

1883 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தஞ்சோங் புத்ரி என்ற சிற்றூருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டப்பட்டது 1866இல். பெயர் வைத்து 17 ஆண்டுகளில் இந்தக் கோவில் எழும்பிவிட்டது. ஜொகூர் மாநில ரயில் பாதை முடிந்தது 1909இல். சிங்கப்பூரை இணைக்கும் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924இல். நாடு சுதந்திரம் அடைந்தது 1957இல். இத்தனைக்கும் முன்பிருந்தே அங்கே மணி அடிக்கிறது. ஆனாலும் தேர்தல் வந்தால் யாராவது ஒரு தலைவர் மேடையேறி நம்மையெல்லாம் 'பெண்டாத்தாங்' என்கிறார், வந்தேறிகள் என்கிறார். அவருடைய மேடைக்குப் பக்கத்துச் சாலையின் பெயர்ப் பலகையே அவருக்குப் பதில் சொல்லும்.

ஆனால் இந்தக் கட்டுரை அவருக்கானது அல்ல. நமக்கானது. அந்தக் கோவில் 140 ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. அதற்குப் பிறகு நம் மக்கள் தோட்டங்களில் கட்டிய நூற்றுக்கணக்கான கோவில்களும் சிற்றாலயங்களும் ஏன் நிற்கவில்லை? இதுதான் கேள்வி.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பாரம்பரியம் பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கே தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். இது பேராலயம் அல்ல. மலாக்காவின் இரட்டைக் கோபுரப் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தின் கம்பீரமோ, கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தின் அகலமோ இதற்குக் கிடையாது. பாரிஸ் அயல்நாட்டு மறைபோதகச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் மலாயா முழுவதும் கட்டிய அதே கோத்திக் சாயல்தான். ஐரோப்பாவில் கூர்முனை வளைவு வெறும் அழகு அல்ல. மேலே கல்லால் ஆன கூரை வெளிப்புறமாகத் தள்ளும். அந்தப் பாரத்தைத் தூணுக்கும் முட்டுச்சுவருக்கும் இறக்குவதற்காகக் கண்டுபிடித்த வேலைப்பாடு அது. மலாயாவில் இப்பாதிரியார்கள் கட்டிய கோவில்களில் பெரும்பாலும் மேலே கல் கிடையாது, மரச்சட்டமும் ஓடும்தான். சுவர் செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. அதனால் இங்கே கூர்வளைவு பெரிதாக எதையும் சுமப்பதில்லை. 'இது தேவாலயம்' என்று தூரத்திலிருந்தே சொல்வதுதான் அதன் வேலை. நம் கோயில் முகப்பில் கோபுரம் செய்கிற அதே வேலை!

கட்டியவர் பெயர் அருட்தந்தை சார்ல்ஸ் சலேய். நிலம் தந்தவர் அபு பக்கர். சுற்றுலாக் கையேடுகள் சுல்தான் அபு பக்கர் என்று எழுதும். 1883இல் அவர் சுல்தான் அல்ல, மகாராஜா. சுல்தான் பட்டம் 1885இல்தான் வந்தது. இது வழக்கறிஞர் புத்தியின் குடைச்சல் என்று நினைக்க வேண்டாம். நில ஆவணத்தில் யார், எந்தத் தகுதியில், எந்தத் தேதியில் கொடுத்தார் என்பதுதான் எல்லாமே.

அபு பக்கரைப் புகழ்ந்து உருகவும் நான் தயாரில்லை. காட்டை அழித்துக் காசுக்கட்டியும் மிளகும் பயிரிடச் சீனர்கள் வேண்டும். கங்சூ முறையில் ஆற்றங்கரைகளை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பிரிட்டிஷாரின் நல்லெண்ணமும் அவருக்கு வேண்டும். வந்து குடியேறுகிறவனுக்கு ஒரு வழிபாட்டு இடம் இருந்தால்தான் அவன் தங்குவான் என்பது அந்த ஆட்சியாளருக்குத் தெரிந்திருந்தது. தாராளமும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்தின் நடுவில் கொடுத்தார். ஊருக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒதுக்கவில்லை.

அதே மனிதர் 1895இல் ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பைக் கொடுத்தார். மலாய் மாநிலங்களிலேயே முதலாவது. இஸ்லாம் மாநிலத்தின் சமயம் என்று அது சொல்கிறது. கூடவே, பிற சமயங்களைச் சேர்ந்தவர்கள் ஜொகூரின் எல்லா இடங்களிலும் அமைதியோடு தங்கள் சமயத்தைப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. ரீட் ஆணையம் லண்டனிலிருந்து வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே ஜொகூர் எழுதிவைத்துக்கொண்ட விதி இது. "சமய சுதந்திரம் வெள்ளைக்காரன் திணித்தது" என்று பேசுகிறவர்கள் தங்கள் மாநிலத்தின் சொந்தச் சட்டத்தையாவது ஒருமுறை படிக்க வேண்டாமா?

இனி மக்கள் கதை. இந்த ஆலயங்களின் கதையைச் சொல்லும்போது வழக்கமாக வருவது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஓர் ஆட்சியாளர், கொஞ்சம் சீன விவசாயிகள், பிறகு 'இந்தியத் தொழிலாளர்கள்' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர் அடைபட்டுக் கிடக்கிறார்கள்!

மலாயாவுக்கு வந்த அதே பாரிஸ் சபைதான் 1776 முதல் புதுச்சேரி மிஷனையும் நடத்தியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தென்னார்க்காட்டிலும் ஞானஸ்நானம் பெற்ற ஒரு கூலித் தொழிலாளி கப்பலேறி வந்தால், இங்கேயும் அதே அங்கி, அதே பூசை. தமிழ் கற்ற பிரெஞ்சுச் சாமியார்கள் மலாயா மிஷனில் இருந்தார்கள். பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை தமிழ்க் கத்தோலிக்கச் சமூகங்கள் அப்படித்தான் வேர் பிடித்தன. பூசை லத்தீனில் நடந்தாலும் செபமாலையும் பாட்டும் தமிழில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசையும் தமிழுக்கு வந்தது.

காசுக்கட்டிக்குப் பிறகு ரப்பர். கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டபோது ஜொகூரின் காடுகள் ஏற்கெனவே பால்மரங்களாக மாறிக்கொண்டிருந்தன. கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் இறக்கப்பட்டார்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் கிராணிமாரானார்கள். எல்லாரும் ஒரே சாமி கும்பிட்டார்கள். ஆனால் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

தோட்டத்துத் தமிழ்க் கத்தோலிக்கனுக்கு ஜாலான் கெரேஜா ஆண்டுக்கு ஓரிரு முறை போகும் ஊர்க் கோவில். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம். மற்ற நாட்களில் லயத்துக்குப் பக்கத்தில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய சிற்றாலயம்தான் அவனுடைய தேவாலயம். அந்தோணியார் சுரூபம் ஒன்று, ஆரோக்கிய மாதா படம் ஒன்று. சாமியார் மாதம் ஒருமுறை வருவார். மீதி நாட்களில் உபதேசியார் செபமாலை சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார், சாவு விழுந்தால் மந்திரிப்பார். கொடியேற்றமும் தேர்பவனியும் வந்தால் பக்கத்து மாரியம்மன் கோவில்காரர்கள் தேர் இழுப்பார்கள். தீமிதி வந்தால் இவர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிற்றாலயங்கள் இன்று எங்கே? மாரியம்மன் கோவில்கள் போன வழியில்தான் அவையும் போயின. 1950, 60களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ஃப் திடலும் வந்தன. தோட்டத்தை விற்றவன் மண்ணோடு கோவிலையும் விற்றான். சட்டப்படி அது அவனுடைய கோவில்தான்!

இங்கேதான் உங்கள் கவனம் எனக்கு வேண்டும்.

தேசிய நிலச் சட்டம் 1965இன் 48ஆவது பிரிவைப் படியுங்கள். அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமம் பெற்று இருந்தாலும், பெறாமல் இருந்தாலும், அந்த இருப்பினால் உரிமை பிறக்காது. 341ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கும் அதே கதவைச் சாத்துகிறது. இந்தியாவில் 'அனுபவ பாத்தியம்' என்று ஒன்று உண்டு. நம் பெரியவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் "நூறு வருஷமா இருக்கோம், யாரு கேக்க முடியும்?" என்கிறார்கள். மலேசியாவில் அந்தப் பேச்சுக்குச் சட்ட மதிப்பு பூஜ்யம். மாறாக, அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் இருப்பதே 425ஆவது பிரிவின்படி குற்றம். 130 ஆண்டு பழைய கோவில் என்று நாம் பெருமையாகச் சொல்வதை நில அலுவலகம் 130 ஆண்டுக் குற்றம் என்று படிக்கலாம். கொடுமைதான். ஆனால் சட்டப் புத்தகம் அப்படித்தான் இருக்கிறது.

என் அலுவலகத்துக்கு வரும் கோவில் நிர்வாகத்தினர் பெரும்பாலும் ஒரு பெரிய பை கொண்டுவருவார்கள். முதலில் வெளியே வருவது கும்பாபிஷேக ஆல்பம். அடுத்து அமைச்சர் வந்து விளக்கேற்றிய படம். அடுத்து மின்சார பில், சங்கப் பதிவிலாகா சான்றிதழ், மானியக் காசோலையின் நகல். அடியில் தேடிப் பார்த்தால் கிராண்ட் இருக்காது. அதிகம் போனால் டி.ஓ.எல். என்னும் தற்காலிக அனுபவ உரிமம் ஒன்று இருக்கும், அதுவும் முன்னாள் தலைவர் பெயரில், அவர் இறந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். டி.ஓ.எல். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் முடிந்துபோகும். அதை மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் செத்தால் உரிமமும் சாகும். அந்தத் தாளை நம்பி லட்சக்கணக்கான வெள்ளிக்கு ராஜகோபுரம் கட்டுகிறோம்!

இப்போது மாதா கோவில் பக்கம் திரும்புங்கள். அங்கே நிலம் பங்குத்தந்தை பெயரில் கிடையாது. பங்குப் பேரவைத் தலைவர் பெயரிலும் கிடையாது. 1957இல் இயற்றப்பட்ட ரோமன் கத்தோலிக்க ஆயர்கள் கூட்டுருச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி ஆயர் பதவியே ஒரு சட்ட நபர். மனிதர் மாறுவார், இறப்பார், ஓய்வு பெறுவார். பதவி சாகாது. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் 1972இல் உருவானது. அதன் முதல் ஆயர் ஜேம்ஸ் சான் 2001 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆயர் பால் டான் சீ இங் 2003இல்தான் பொறுப்பேற்றார். ஓராண்டுக்கு மேல் ஆயரே இல்லை. அதனால் ஒரு சதுர அடி நிலமும் அந்தரத்தில் தொங்கவில்லை. நம் கோவில்களில் என்ன நடக்கிறது? பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறக்கிறது. இரண்டு நிர்வாகம், இரண்டு ரசீதுப் புத்தகம். சங்கப் பதிவிலாகா பதிவை ரத்து செய்கிறது. நிலம் கேட்டு எழுதிய மனுவுக்கு உரியவர் யார் என்றே தெரியாமல் கோப்பு மூடப்படுகிறது. அதைத்தான் மேம்பாட்டு நிறுவனம் காத்திருக்கிறது.

"கத்தோலிக்கத் திருச்சபை பணக்கார அமைப்பு, ரோமாபுரி பின்னால் நிற்கிறது, நம்மால் முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிராண்ட் எழுத ரோமாபுரி தேவையில்லை. சங்கங்கள் சட்டம் 1966இன் 9ஆவது பிரிவின்படி பதிவு பெற்ற சங்கம் தன் பெயரிலேயே அசையாச் சொத்தைப் பதிந்துகொள்ளலாம். 1952ஆம் ஆண்டின் அறங்காவலர் கூட்டுருச் சட்டம் இருக்கிறது. பினாங்கில் 1906 முதலே இந்து அறப்பணிச் சட்டம் இருக்கிறது. ஜொகூரில் அப்படி ஒரு வாரியம் ஏன் இல்லை? எத்தனை ம.இ.கா. தலைவர்கள் மாநில ஆட்சிக்குழுவில் உட்கார்ந்து எழுந்தார்கள்? ஒருவராவது ஒரு மசோதா கொண்டுவந்தாரா?

சரி, கிராண்ட் இருந்தால் எல்லாம் சுகமா? அதுவும் இல்லை.

ஷா ஆலாமில் கத்தோலிக்கர்கள் ஒரு தேவாலயத்துக்கு 1970களிலிருந்து அலைந்தார்கள். இடம் கொடுப்பார்கள், எதிர்ப்பு என்பார்கள், திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரக்கத்தின் ஆலயம் கடைசியில் 2005இல் திறக்கப்பட்டது, தொழிற்சாலைப் பகுதியில். 1883இல் ஒரு மகாராஜா நகர மையத்தில் கொடுத்தார். நூறு ஆண்டு கழித்து ஜனநாயக அரசு சிமெண்ட் லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் கொடுக்கிறது, அதுவும் ஒரு தலைமுறை அலையவிட்டு! இதற்குப் பெயர் முன்னேற்றமா?

கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் கான்வெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் தொடங்கிய கன்னியர் பள்ளி. குத்தகை 2021இல் முடிய இருந்தது. நீட்டிக்க மாட்டோம் என்றது நில நிர்வாகம். கன்னியர் சபை நீதிமன்றம் போனது. அதன் பிறகுதான் 60 ஆண்டு நீட்டிப்பு வந்தது. குத்தகைக் கிராண்ட் என்றால் அதற்கு ஒரு சாவுத் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

"பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் போதும்" என்பது இன்னொரு மயக்கம். தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005 நடைமுறைக்கு வந்த ஆண்டு 2006. அதே ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் பொக் மாளிகையைத் தரைமட்டம் ஆக்கினார்கள். 2013இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை ஒரு மேம்பாட்டு நிறுவனம் புல்டோசர் விட்டு இடித்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கோவில் எச்சம். "தனியார் நிலம், கெஜட்டில் வரவில்லை" என்பதே பதில். மாநிலத்துக்குள் உள்ள இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில அரசின் இசைவு வேண்டும். நிலம் மாநிலத்தின் கையில், அதனால் பாரம்பரியமும் மாநிலத்தின் கையில்.

அக்கரையில் சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பி 1888இல் முடிக்கப்பட்டது, ஜொகூர் கோவிலுக்கு ஐந்து ஆண்டு இளையது. 2005இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள், அது தமிழர்களின் கோவில் என்ற வரலாற்றோடு. சிங்கப்பூருக்கு நான் ஆலவட்டம் பிடிக்கவில்லை. நில எடுப்புச் சட்டத்தில் அங்கே போன கோயில்களின் கணக்கு தனி. ஆனால் ஒரு கோவிலை அறிவிக்கும்போது அதைக் கட்டிக்காத்த சமூகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே நடப்பதைத்தான் நாம் பார்க்கிறோமே. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவிலை இடித்தார்கள். நவம்பர் 25இல் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் திரண்டோம், கண்ணீர்ப்புகை குடித்தோம். 2018 நவம்பரில் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்காக நடந்த மோதலில் ஒரு தீயணைப்பு வீரரின் உயிர் போனது. அது நம் பிள்ளையோ அவர்கள் பிள்ளையோ, உயிர் உயிர்தான். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழமையான தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோவில் இடம் மாற ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014இலேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது! கோவில் நின்ற நிலத்தை விற்றவனுக்குக் கேள்வி இல்லை, கும்பிட்டவனுக்கு 'சட்டவிரோதக் கோவில்' என்ற பட்டம். 'கூயில் ஹராம்' என்கிறார்கள். 'கூயில்' என்ற அந்தச் சொல்லே நம் கோயில்தான் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் அடியில் கிடப்பது ஒரே இரண்டு விதிகள். கூட்டரசு அரசியலமைப்பின் 11(3): ஒவ்வொரு சமயக் குழுவும் தன் விவகாரங்களைத் தானே நிர்வகிக்கலாம், சொத்து வாங்கலாம், வைத்திருக்கலாம். 8(2): சொத்து வாங்குவது, வைத்திருப்பது தொடர்பான சட்டத்திலோ அதை நடைமுறைப்படுத்துவதிலோ சமயத்தின் பெயரால், இனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது. 'நடைமுறைப்படுத்துவதில்' என்ற சொல்லைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிலச் சட்டத்தில் 'இந்துவுக்குக் கொடுக்காதே, கிறிஸ்தவனுக்குக் கொடுக்காதே' என்று எங்கும் எழுதவில்லை. கோப்பு நகராமல் கிடப்பதில்தான் பாகுபாடு இருக்கிறது.

ஆகவே இந்துக் கோவிலுக்காகப் போராடுகிறவர்கள் ஜாலான் கெரேஜாவை "அது கிறிஸ்தவர்கள் விஷயம்" என்று ஒதுக்குவது முட்டாள்தனம். கத்தோலிக்கத் தமிழர்கள் மாரியம்மன் கோவில் இடிபடும்போது "நமக்கு ஆயர் இருக்கிறார்" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வதும் அதே முட்டாள்தனம். இருவருக்கும் ஒரே விதி, ஒரே நில அலுவலகம், ஒரே ஆட்சிக்குழு.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் வந்தது. ஜொகூர் பாரு நகர மையத்தில் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு ஆர்.டி.எஸ். ரயில். நில விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஜோதிடர் தேவையில்லை. மண்டலத்துக்குள் இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங், கூலாய், பெங்கேராங் எல்லாம் வருகின்றன. அங்கேயெல்லாம் பழைய தோட்டங்களின் நடுவே தமிழர்களின் கோவில்கள் நிற்கின்றன. ஜாலான் கெரேஜாவுக்கு ஆபத்து வந்தால் வழக்காட ஒரு சட்ட நபர் இருக்கிறார். தோட்டத்து முனியாண்டிக்கு யார் இருக்கிறார்?

மாநில அரசு "தனியார் நிலம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லும். இந்தப் பொய்யை இனியும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றவும் துண்டு போடவும் மேம்பாட்டாளர் மாநில அதிகாரத்திடம்தான் கைகட்டி வர வேண்டும். அந்த மேசையில் வைத்துத்தான் சாலைக்கு இவ்வளவு, சூராவுக்கு இவ்வளவு, மின்நிலையத்துக்கு இவ்வளவு என்று நிலம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் கோவிலுக்கும் சிற்றாலயத்துக்கும் ஒரு லாட் பிரித்து, 62ஆவது பிரிவின் கீழ் ஒதுக்கீட்டு நிலமாகக் கெஜட் செய்யச் சொல்லவும், அல்லது கோவில் சங்கத்தின் பெயரில் கிராண்ட் தரவும் அதே மேசைக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் இருக்கிறது. மனம்தான் இல்லை.

மந்திரி பெசார் அவர்களே, நாங்கள் கேட்பது புதிதாக எதையும் அல்ல. 1883இல் இந்த மாநிலம் செய்ததை, 1922இல் ராஜகாளியம்மன் கோவிலுக்கு அரண்மனை நிலம் தந்தபோது செய்ததை, இன்று ஒரு கொள்கையாக எழுத்தில் தாருங்கள். அன்று அது அரசரின் அன்பளிப்பு. 1957க்குப் பிறகு அது குடிமகனின் உரிமை. உரிமைக்கு யாரும் மாலை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து வேலையும் பாக்கி இருக்கிறது. ஜொகூரிலுள்ள எந்தக் கோவில், எந்தச் சிற்றாலயமாக இருந்தாலும், முதலில் லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள். நில அலுவலகத்தில் 'சாரியான்' என்னும் தேடலுக்குக் கட்டணம் கட்டி எடுங்கள். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: பதிவு பெற்ற உரிமையாளர் யார், நிலத்தின் வகை விவசாயமா கட்டடமா, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது, வங்கிக் கடனோ தடைமனுவோ ஏறியிருக்கிறதா. உரிமையாளர் பெயரில் ஒரு மேம்பாட்டு நிறுவனம் இருந்தால் மறுநாளே எங்களை அழையுங்கள், அறிவிப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சங்கத்தின் ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு உரிய காலத்தில் அனுப்புங்கள்.

ஜாலான் கெரேஜாவின் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருக்கும். இன்று வரைபடத்திலேயே இல்லாத தோட்டங்களின் பெயர்கள் அந்தப் பதிவேடுகளில்தான் மிச்சம். தோட்டத்தில் சிற்றாலயம் இருந்ததற்கும் மக்கள் வாழ்ந்ததற்கும் நாளைக்கு நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஆவணம் அது. பங்குத்தந்தையின் அனுமதியோடு தோட்டம் தோட்டமாகப் பட்டியல் எடுக்கத் தொடங்குங்கள். பழைய உபதேசியார்களின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எழுதத் தெரிந்த இளைஞர் நால்வர் போதும், ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். எடுத்த பட்டியலை எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மாரியம்மன் கோவில்களின் பட்டியலோடு அதைச் சேர்த்து ஜொகூர் நில அலுவலகத்துக்கு ஒரே மனுவாகக் கொண்டுபோவோம்.